கடைசிப் பந்தி

கல்யாண வீடுகளில் முதல் பந்தியின் முதல் இலை என்னுடையதாக இருந்த காலம் ஒன்று உண்டு. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அதில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டியவன் நான். 1984இல் பாளையங்கோட்டையில் எங்கள் அக்கா கல்யாணத்தின்போது, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தான் முறைக்காரர் ஒருவர் தன் எச்.எம்.டி. கடிகாரத்தைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்து நேரம் பார்த்தார். பருப்பில் தொடங்கி சாம்பார், ரசம், பாயசம், மோர் வரை முழுச் சாப்பாடு. ஆறு நிமிடம் நாற்பது விநாடி. "மாப்ளே, நீ திங்கல, அள்ளிப் போடுத" என்றார். சுற்றி இருந்தவர்கள் கை தட்டாததற்குக் காரணம், எல்லார் வலது கையிலும் சாம்பார் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் கடோத்கஜன். மாயா பஜார் படத்தில் கடோத்கஜனாக வரும் ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தீர்த்துக்கட்டும் காட்சியை டிவியில் போடும்போதெல்லாம் யாராவது என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நானும் பார்ப்பேன். தொழில்முறை அக்கறையோடுதான்.

இப்போது அதே வலது கை ஒரு இட்லிக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் இருபத்தைந்து நிமிடம். சாம்பார் காரமாக இருந்தால் முப்பது.

வேகமாகச் சாப்பிடுகிறவனுக்குப் பந்தியில் ஒரு தண்டனை உண்டு. அதை நான் பரிசு என்று நினைத்திருந்தேன். பந்தியில் சாப்பாடு ஆளுக்கொன்று கிடையாது, வரிசைக்கு ஒன்று. வரிசையில் கல்யாண வீட்டு மூத்தவர் எழுந்திருக்காமல் மற்றவர் எழுந்திருக்கக் கூடாது. ஆறு நிமிடத்தில் முடித்தவன் மீதிப் பதினைந்து நிமிடமும் காலி இலைக்கு முன்னால் காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். காலி இலையைப் பார்த்துக்கொண்டு வாளியோடு சும்மா தாண்டிப் போகிறவன் திருநெல்வேலிச் சீமையில் பிறந்திருக்க மாட்டான். "அண்ணாச்சி, சும்மா இருக்கிய, கொஞ்சம் வைக்கட்டா?" வைக்கட்டா என்பது கேள்வி மாதிரி தெரியும், கேள்வி அல்ல. அந்த வார்த்தை முடிவதற்குள் சோறு இலையில் விழுந்திருக்கும். ஆக, பசிக்குச் சாப்பிட்டது ஆறு நிமிடம், மரியாதைக்குச் சாப்பிட்டது பதினைந்து நிமிடம். என் உடம்பில் ஏறிய சதையில் பாதிக்கு மேல் மரியாதைச் சதை.

வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும் என்கிறார்கள். என் விஷயத்தில் சேதி போய்ச் சேரும்போது நான் கை கழுவி, வெற்றிலை போட்டு, இரண்டாம் பந்திக்கு விளம்பப் போயிருப்பேன்.

இந்த வேகம் பிறவியில் வந்ததல்ல, பயிற்சி. வீட்டில் நாங்கள் ஏழு பிள்ளைகள். கூட்டாஞ்சோறு ஆக்குகிற நாளில் ஆச்சி சுற்றி உட்காரவைத்து உருட்டிப் போடுவாள். முதல் உருண்டையை முடித்து முதலில் கை நீட்டுகிறவனுக்கே அடிச்சட்டிக் காந்தல். ஆச்சி ஒரு பக்கம், "ஏல, மெல்லத் தின்னுல. நொறுங்கத் தின்னா நூறு வயசு" என்பாள். மறுபக்கம் அதே கையால் வேகமானவனுக்குக் காந்தலைக் கொடுப்பாள். சொல்லைக் கேட்பதா, செயலைப் பார்ப்பதா என்று ஏழு வயதுப் பிள்ளை யோசிக்குமா?

பிறகு கல்லூரி விடுதி. அங்கே பொரியல் என்பது முதல் பத்து நிமிடம் மட்டுமே நிலவும் ஒரு பொருள். பிறகு 1988இல் வங்கி வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேரோடு அறை எடுத்தபோதுதான் என் கலை முழுமை பெற்றது. மேன்ஷன்வாசிகள் சாப்பிடும் மெஸ்களில் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். நாற்காலி முதுகில் அவர் கை இருக்கும். பேச மாட்டார், அவசரப்படுத்த மாட்டார். நீங்கள் சாம்பாரிலிருந்து ரசத்துக்குப் போகும்போது ஒரு சின்ன மூச்சு விடுவார், அவ்வளவுதான். மோர் வந்ததும் இன்னொரு கையையும் வைப்பார். பல வருடம் அப்படி யாரோ ஒருவருடைய மூச்சு பிடரியில் பட்டுக்கொண்டேதான் சாப்பிட்டேன். பல வருடம் நானும் யாரோ ஒருவர் பிடரியில் மூச்சு விட்டேன். அந்த மனிதர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. அவர்கள் தலைச் சுழி தெரியும்.

ஊருக்குப் போகும் ராத்திரி பஸ்ஸை ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் நிறுத்தி, "பத்து நிமிஷம்தான் நிக்கும்" என்பார் கண்டக்டர். அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கி, டோக்கன் வாங்கி, நாலு பரோட்டா தின்று, சிறுநீர் கழித்து, முறுக்குப் பொட்டலத்தோடு ஏறுவேன். ஏறும்போது ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு குறள் எழுதியிருக்கும். வள்ளுவர் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்துவிட்டு, அதில் பாதிக்கு மேலான குறள்களில் மருந்தைக் காட்டாமல், எப்போது சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார். அவற்றில் ஒன்றையும் எந்த பஸ்ஸிலும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை, கண்டக்டர் விசில் ஊதிவிட்டிருப்பார்.

இவ்வளவு வேகக்காரர்களுக்கு நடுவில் எங்கள் தெருவில் மெதுவாகச் சாப்பிடுகிறவர் ஒரே ஒருவர் இருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குத் தபால் தாத்தா. எழுபதுகளில் அவருக்கு வயிற்றுப்புண் முற்றி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். அமிலத்தை அடக்குகிற நல்ல மாத்திரைகள் பரவுவதற்கு முந்தைய காலம் அது. எங்கள் பக்கத்தில் அல்சர் இல்லாத தெரு கிடையாது, முற்றிய அல்சருக்குக் கத்திதான் வைத்தியம். தாத்தாவுக்கு இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மீதியைச் சிறுகுடலோடு இணைத்துவிட்டார்கள். அதன்பிறகு மனிதர் வாழைத்தண்டு மாதிரி ஆகிவிட்டார். ஒரு கைப்பிடிச் சோற்றை அரை மணி நேரம் மெல்வார். இனிப்பைத் தொட்டால் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, திண்ணையில் சாய்ந்துவிடுவார். நாங்கள் 'குருவி கொத்துதுல' என்று சிரிப்போம். பெரியவர்கள் அதட்டுவார்கள், "பாவம்ல, ஆப்பரேசன் பண்ண வயிறு." கல்யாண வீடுகளில் அவரை முதல் பந்திக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, ஆக்குப்புரைப் பக்கம் எங்கோ உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. முதல் பந்திக்காரனுக்கும் கடைசிப் பந்திக்காரனுக்கும் அறிமுகம் ஏற்பட வாய்ப்பே இல்லை.

அந்தத் தாத்தாவின் வயிற்றுக்கும் என் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், புண்ணுக்காக இரைப்பையில் பகுதி எடுக்கப்பட்டவர்கள் அதன்பிறகு எடை ஏறாமல் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். எங்கள் தெருவில் அதைக் கவனித்தவர்கள் பாவம் என்றார்கள். மேசன் அதையே பருமனுக்கு வைத்தியமாக்கினால் என்ன என்று யோசித்து 1966இல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். நான் பிறந்த வருடம். என் தொட்டில் ஆடத் தொடங்கும்போதே எனக்கான கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2022இல் என் எடை 124 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். உடல் நிறைக் குறியீடு 44ஐத் தொட்டது. சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின், தூங்கும்போது மூச்சுத் திணறல், முட்டி இரண்டும் தினமும் ராஜினாமா கடிதம். நடைப்பயிற்சி, பேலியோ, கொள்ளுக் கஞ்சி, நண்பர் சொன்ன வெந்நீர், நண்பரின் நண்பர் சொன்ன இன்னொரு வெந்நீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. டாக்டர் ஒரு தாளில் வாழைப்பழம் மாதிரி ஒன்றை வரைந்தார். "சார், உங்க இரைப்பை இப்ப பை. இதைக் குழாய் ஆக்கப்போறோம்." வாய் வழியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு குழாயை இறக்கி, அதையே அளவுகோலாக வைத்து, அதன் ஓரமாக ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டே வெட்டி, வெளி வளைவுப் பக்கத்தை முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுவார்கள். ஸ்லீவ், அதாவது சட்டைக்கை. இதில் ஒரு வேடிக்கை, இந்த ஸ்லீவ் முதலில் தனி அறுவையாகவே இல்லை. மிகப் பருமனானவர்களுக்குப் பெரிய அறுவையை ஒரே தடவையில் செய்ய முடியாமல் இரண்டு கட்டமாகப் பிரித்தபோது, முதல் கட்டமாக இதைச் செய்தார்கள். பலருக்கு முதல் கட்டத்திலேயே எடை இறங்கிவிட்டது, இரண்டாவதற்கு வேலை இல்லாமல் போனது. முன்னுரையைப் படித்ததுமே நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற என் பழக்கத்துக்கு இது பொருத்தமாக இருந்தது.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஐந்து சின்னத் துளை. விழித்தபோது வலித்தது வயிறு இல்லை, தோள். உள்ளே கேமரா பார்ப்பதற்காக நிரப்பிய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். வயிற்றில் செய்த தப்புக்குத் தோளில் அடி. எங்கள் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது.

முப்பது மில்லி கொள்ளும் அவுன்ஸ் கிளாஸ் ஒன்றைக் கொடுத்தார் நர்ஸ். "இதைக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும் சார்." தண்ணீரை. ஒரு காலத்தில் பானகத்தைச் செம்போடு அண்ணாந்து ஊற்றியவன், ஒரு மூடித் தண்ணீரைக் கால் மணி நேரம் வைத்துக் குடித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு கண்ணாடி டம்ளர், ஸ்பூன் எதிலும் அளவு நிற்கவில்லை. கடைசியில் என் மனைவி அலமாரியிலிருந்து வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தாள். பேரன் பிறந்தபோது சீராக வந்தது.

பேரனுக்கு அப்போது ஆறு மாதம் முடிகிற சமயம். மகள் பிரசவத்துக்கு வந்தவள் எங்களோடுதான் இருந்தாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. ஒன்று குழந்தை மருத்துவர் கொடுத்தது, ஒன்று என் டயட்டீசியன் கொடுத்தது. முதலில் நீர், பிறகு கூழ், பிறகு மசித்தது, பிறகு குழைவு, பிறகு மெல்ல மெல்ல வீட்டுச் சாப்பாடு. இரண்டும் ஒரே பாட்டுக்கு இரண்டு ராகம். பருப்புத் தண்ணீரின் தெளிவை மனைவி இரண்டு கிண்ணத்தில் வடித்து, ஒன்றில் உப்புப் போடுவாள், ஒன்றில் போட மாட்டாள். உப்புப் போட்டது எனக்கு. அது ஒன்றுதான் என் வயதுக்குக் கிடைத்த மரியாதை. முதல் மாதம் நான் முன்னிலையில் இருந்தேன். மசித்த கட்டத்தில் சமம். ஒரு வயதுப் பிறந்தநாளன்று அவன் ஒரு முழு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு என் தட்டில் இருந்த மீதி அரையையும் எடுத்துக்கொண்டான். ஆறு நிமிடம் கூட ஆகவில்லை. ரத்தம் என்றால் சும்மாவா.

மெதுவாகச் சாப்பிடக் கற்றுக்கொடுத்த டயட்டீசியன் என் மகளைவிட இளையவள். பட்டாணி அளவு கவளம், ஒவ்வொன்றையும் முப்பது தடவை மெல்ல வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் கூடாது, புரதம் முதலில். எல்லாம் சரி. "ஒரு வாய் போட்டதும் ஸ்பூனைக் கீழ வச்சிடுங்க சார். முழுங்கினப்புறம்தான் மறுபடி எடுக்கணும்." நான் கையைக் காட்டினேன். இதை எங்கே அம்மா கீழே வைப்பது?

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அது நிஜமான பிரச்சினை. கையால் சாப்பிடுகிறவனுக்கு வாயும் கையும் இரண்டு வேலையாட்கள். வாய் ஒரு கவளத்தை மென்றுகொண்டிருக்கும்போதே கை அடுத்ததைப் பிசைந்து, உருட்டி, விரல் நுனிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். வாய்தான் கைக்குப் பயந்து விழுங்கும். ஐம்பது வருடம் என்னை அவசரப்படுத்தியது மெஸ்ஸில் பின்னால் நின்ற ஆள் மட்டுமல்ல, முன்னால் நின்ற இந்த ஐந்து விரலும்தான். இன்னொன்று, எங்கள் ஊரில் சோறு மெல்லுகிற பொருளே அல்ல. குழைந்த சோற்றில் ரசத்தை ஊற்றினால் அது பாதி குடிக்கிற பொருள். முப்பது தடவை மெல்லச் சொன்னால் நாலாவது தடவையிலேயே வாயில் ஒன்றும் இருக்காது, மீதி இருபத்தாறு தடவையும் சும்மா காற்றை மெல்ல வேண்டும். ரசம் தண்ணீரில் சேர்த்தியா சாப்பாட்டில் சேர்த்தியா என்று கேட்டேன். யோசித்து அடுத்த முறை சொல்கிறேன் என்றாள்.

இப்போது ஒரு கவளத்தை வாயில் போட்டதும் வலது கையை மணிக்கட்டு மேசை விளிம்பில் படும்படி மல்லாத்தி வைத்துக்கொள்கிறேன். பிச்சை கேட்பது மாதிரி இருக்கிறது என்கிறாள் மனைவி.

விழுங்கிய கவளம் இறங்கும் வழி எனக்குத் தெரியும், ஒவ்வொரு அங்குலமும். நாலாம் மாதத்தில் ஒருநாள் அலுவலக நண்பர்களோடு ஓட்டலுக்குப் போனேன். பேச்சு சுவாரஸ்யத்தில் பழைய கை விழித்துக்கொண்டது, தோசையின் ஒரு பெரிய விள்ளல் மெல்லாமல் இறங்கிவிட்டது. இறங்கியது என்பது தப்பு, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஆணி அடித்தது போல நின்றது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறுகிறது, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. எதிரில் நண்பர் தன் கடன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, "உங்களை மாதிரி உணர்ந்து கேட்கிற ஆள் கிடைக்க மாட்டாங்க சார்" என்று என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். அதை விடுவித்துக்கொண்டு கழிவறைக்கு ஓட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நிறைந்துவிட்டது என்பதற்கும் இப்போது வேறு அடையாளம். அன்று ஏப்பம், இன்று மூக்கு. போதுமான அளவு உள்ளே போனதும் மூக்கில் நீர் வடியத் தொடங்குகிறது. எங்கள் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் பலருக்கும் இப்படித்தான், சிலருக்குத் தும்மல், சிலருக்கு விக்கல். விருந்து வீடுகளில் கர்சீப்பை எடுத்தால், "காரம் கூடிப்போச்சோ" என்று வீட்டம்மா வருத்தத்தோடு ஒரு கரண்டி நெய் கொண்டுவருவாள்.

எடை நாற்பது கிலோ இறங்கி 84இல் நிற்கிறது. இன்சுலின் போய் மாத்திரை வந்தது. முடி கொட்டி, பாதி திரும்பி வந்தது. பி12, இரும்பு, கால்சியம் ஆயுள் சந்தா. இதையெல்லாம் சொன்னாலும் ஊரில் இரண்டு கட்சி. ஒன்று, "கத்தியால வெட்டிக் குறைக்கிறதெல்லாம் ஒரு சாமர்த்தியமா" என்கிற குறுக்குவழிக் கட்சி. இன்னொன்று, என் பொறுமையைப் பாராட்டுகிற கட்சி. "எப்படிக் கட்டுப்பாடா சாப்பிடுதிய அண்ணாச்சி, ஒரு தவம் மாதிரி." எனக்குத் தவமும் இல்லை, பொறுமையும் வரவில்லை. குழாய் குறுகலாகிவிட்டது, அவ்வளவுதான். குறுகிய சந்தில் லாரி மெதுவாகப் போனால் டிரைவரை ஞானி என்பீர்களா?

பசி என்னவோ குறைந்துவிட்டது, அது உண்மை. பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் அடங்கிய குழு கண்டுபிடித்தது. அது பெரும்பாலும் சுரப்பது, எனக்கு வெட்டியெடுத்த இரைப்பையின் மேல் பகுதியில். பசி போனது, கண் போகவில்லை. இன்றும் நானாகப் பரிமாறிக்கொண்டால் கை நாலு இட்லியைத்தான் எடுக்கிறது. நாக்கும் போகவில்லை. ஒரு ரகசியம் சொல்கிறேன், மனைவி இதைப் படிக்க மாட்டாள். தோசைக்கு வழிவிடாத இந்தக் குழாய் அல்வாவுக்கு வழிவிடும். எங்கள் ஊர் அல்வாவை மெல்ல வேண்டியதில்லை, நெய்யில் வழுக்கிக்கொண்டு தானாகப் போகும். நாலு லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் செலவு செய்து கட்டிய அணையில் அதற்கு மட்டும் மதகு திறந்தே இருக்கிறது. ஒருநாள் மதியம் யாரும் இல்லாதபோது நூறு கிராம் பொட்டலத்தைக் காலி செய்தேன். வேகமாக, பழைய வேகத்தில். இருபது நிமிடம் கழித்து வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, சோபாவில் சாய்ந்து கிடந்தபோது எங்கள் தெருத் திண்ணை கண்முன் வந்தது. பாவம்ல, ஆப்பரேசன் பண்ண வயிறு.

போன வருடம் தம்பி மகன் கல்யாணம், திருநெல்வேலி டவுனில். அண்ணன்மார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் குடும்பத்தில் இப்போது நான்தான் மூத்தவன். அதன் பொருள் முதல் பந்தியில் உட்காரும்வரை எனக்கு உறைக்கவில்லை. டயட்டீசியன் சொன்னபடி புரதம் முதலில் என்று கூட்டிலிருந்த பருப்பைப் பொறுக்கி மென்றுகொண்டிருந்தேன். வரிசை சாம்பாரைத் தாண்டியது, ரசத்தைத் தாண்டியது, பாயசம் குடித்து மோருக்குப் போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். முப்பது பேர் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேருக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியில் கை வைத்து நின்றிருந்தார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் எழுந்திருக்கவில்லை.

"எந்திங்க, எந்திங்க, எனக்காக இருக்க வேண்டாம்" என்றேன். யாரும் அசையவில்லை. அது எப்படி எந்திரிப்பாங்க? காலி இலைகளைப் பார்த்ததும் விளம்புகிற பையன்கள் வாளியோடு திரும்பி வந்தார்கள். என்னால் முப்பது பேருக்கும் இரண்டாம் தடவை சோறு விழுந்தது. பக்கத்து இலையில் அந்த எச்.எம்.டி. அத்தான், இப்போது எழுபத்தெட்டு வயது, சர்க்கரைக்காரர். கைக்கடிகாரம் அதேதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் கழற்றி இலைப் பக்கத்தில் வைத்தார். "நாப்பத்தொரு நிமிசம் மாப்ளே. அன்னைக்கு அள்ளிப் போட்ட. இன்னைக்கு எங்களையெல்லாம் கொன்னு போட்டுருவ போலுக்கே."

பாதியில் இலையை மடித்தேன். வரிசை மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்தது. கை கழுவும் இடத்துக்கே தம்பி மனைவி ஓடி வந்தாள், முகம் வாடியிருந்தது. "சாப்பாடு நல்லா இல்லையா அத்தான்? இலையில எல்லாம் அப்படியே இருக்கே."

மறுநாள் மறுவீடு. எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள், மாத்திரை போட வேண்டும் என்றேன். இரண்டாவதற்குக் கூப்பிட்டார்கள், போன் பேச வேண்டும் என்றேன். மூன்றாம் பந்தியும் எழுந்து, பெண் வீட்டார் விடைபெற்று, மண்டபத்தில் நாற்காலி மடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு ஆக்குப்புரைப் பக்கம் போனேன்.

அங்கே ஒரு பந்தி இருப்பதே எனக்கு இத்தனை வருடம் தெரியாது. தவசுப்பிள்ளையும் அவர் ஆட்கள் ஆறு பேரும், விளம்பிய பையன்களும், காய் வெட்டிய இரண்டு பெண்களும், பாத்திரம் ஏற்ற வந்த ஒருவரும் கவிழ்த்த கூடைகளிலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசை இல்லை. யார் முந்தி எழுந்தாலும் யாரும் கேட்பதில்லை. ஒருவர் பீடி பிடித்துவிட்டு வந்து மறுபடி சாப்பிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்கள், வேண்டாம் என்று ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். நிலவாயின் அடியில் தங்கிய சொதி, பருப்பும் பாலும் சுண்டிக் கெட்டியாக இருந்தது. அரைக் கரண்டி வாங்கிக்கொண்டேன்.

தவசுப்பிள்ளை எனக்கு எதிரில். அறுபது வயதிருக்கும். காலையிலிருந்து நானூறு பேருக்கு ஆக்கிப் போட்டவர், தன் இலையில் ஒரு கைப்பிடித் தயிர்ச்சோறும் ஒரு நார்த்தங்காயும் மட்டும் வைத்திருந்தார். அடுப்புப் புகையிலேயே வயிறு ரொம்பிவிடும் என்றார். அவரும் மெதுவாகத்தான் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மல்லாந்து இலையோரம் கிடந்தது.

"அண்ணாச்சிக்கு வயித்துல ஆப்பரேசன் பண்ணிருக்கோ?"

"எப்படித் தெரியும்?"

"தின்னுத விதத்துலயே தெரியுமே. எங்க தாய்மாமன் இப்படித்தான் சாப்டுவாரு." சோற்றைப் பிசைந்தார். "அல்சரா?"

ஸ்லீவ், ஸ்டேப்ளர், கிரெலின் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. மூக்கில் நீர் வடியத் தொடங்கியது. கர்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

"ஆமா" என்றேன். "அல்சர்தான்."

அவர் தலையாட்டினார். பையன் ஒருவனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சொதியை, பருப்பு இல்லாமல் பால் மட்டும் தெளிவாக, ஒரு கிண்ணத்தில் எடுத்துவரச் சொன்னார்.

"மெல்லச் சாப்பிடுங்க. பாத்திரம் ஏத்துத வேன் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்."